எண்ணூற்று எழுபது ஆடுகள்

அம்மாவின் குரல் மாறியதை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் கபாலி கோயில் வாசலில் பூ விற்கும் பெண்மணி. "இன்னாமா, தொண்டை கட்டிக்கிச்சா? ஆம்பள கொரலாட்டம் இருக்குது" என்று கேட்டாராம். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். அப்போது எனக்கு வேலை வீட்டிலிருந்துதான். பக்கத்து அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மீட்டிங். அம்மா சமையலை முடிக்கப் பதினொன்றரை ஆகிறது, பாதிப் பேச்சில் தூங்கிவிடுகிறாள், பங்குனி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: வயசாகிறது.

2022 பங்குனியில் அறுபத்துமூவர் அன்று "நான் வரலைப்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். மந்தைவெளியில் குடியிருக்கும் நாற்பது வருஷத்தில் அவள் அறுபத்துமூவரைத் தவறவிட்டது கொரோனாவால் உற்சவமே நடக்காதபோதுதான். மறுநாள் ரத்தம் எடுக்க ஆளை வரவழைத்தேன். டி.எஸ்.எச். 74 என்று வந்தது. நாலு, நாலரைக்குள் இருக்கவேண்டிய எண்.

அம்மா பத்தொன்பது வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் அந்த டப்பா இருக்கும். எடுத்துத் திறந்தேன். ஐந்து மாதத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்தபோது இருந்த அளவிலேயே இருந்தது.

"ஏன்மா நிறுத்தின?"

"நீதானே மாத்திரையை மாத்தின. அதைச் சாப்பிட ஆரம்பிச்சதிலேர்ந்து முடி கொத்துக் கொத்தா வந்துது. சொன்னா நீ கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுவே."

உண்மைதான். தி. நகரில் ஒரு கடையில் இருபது சதவீதம் தள்ளுபடி என்று வேறு கம்பெனி மாத்திரையை வாங்கியிருந்தேன். உள்ளே இருப்பது அதே மருந்து, அதே 100 மைக்ரோகிராம் என்பதால் அவளிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளோ நாகேஸ்வரராவ் பூங்காவில் கூட நடக்கும் ஒரு மாமி சொன்ன ஏதோ 'இயற்கை'ப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். போதாததற்கு, நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை பெண் ஃபோனில், "வெறும் டி4 போதாது அத்தை, நான் இங்க நேச்சுரல் தைராய்டுதான் எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அந்த 'நேச்சுரல்' என்ன என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். அது காயவைத்துப் பொடித்த பன்றியின் தைராய்டு. எங்கள் வீடு சைவம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை.

நான் 'வயசாகிறது' என்று தள்ளிய அதே அறிகுறிகளை 1873-இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். நடுவயதுப் பெண்கள் சிலர் மந்தமாகிறார்கள், முகம் உப்புகிறது, நாக்குத் தடித்துப் பேச்சு குழறுகிறது, குரல் கனக்கிறது. காரணம் என்ன என்று அவருக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து வில்லியம் ஆர்ட் இதற்கு மிக்ஸெடிமா என்று பேர் வைத்தார். பேர் வந்தது, மருந்து வரவில்லை. வந்தவர்கள் மெல்ல மெல்ல அணைந்துபோனார்கள்.

காரணத்துக்கான தடயம் வேறு இடத்திலிருந்து கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் கழுத்துக் கழலை சகஜம். பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோகர் அதை முழுசாக வெட்டி எடுப்பதில் வல்லவர். 1874-இல் அவர் அறுவை செய்த ஒரு சிறுமியை வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது, வளர்ச்சி நின்று மந்தபுத்தியாக இருந்தாள். கோகர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். தைராய்டை முழுக்க இழந்தவர்கள் பெரும்பாலோருக்கு இதே கதி. 1883-இல் தானே அதை வெளியிட்டார், இனி சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று விட்டார். 1909-இல் நோபல் பரிசு வந்தது. எனக்கு அந்தப் பரிசைவிட, தன் கத்தியின் விளைவைத் தானே தேடிப் போய்ப் பார்த்ததுதான் பெரிதாகப் படுகிறது.

இல்லாததைக் கொடுத்தால் சரியாகுமா என்பது அடுத்த கேள்வி. 1890-இல் லிஸ்பனில் இரண்டு மருத்துவர்கள் ஒரு பெண்ணின் தோலுக்கடியில் ஆட்டின் தைராய்டைப் பதித்தார்கள். மறுநாளே அவளுக்குத் தேறுதல் தெரிந்தது. ஒட்டுச் சதை ஒரே நாளில் வேலை செய்யாது, அதிலிருந்து கசிந்த சாறுதான் வேலை செய்திருக்கவேண்டும். அப்படியானால் சாற்றையே ஊசியில் ஏற்றிவிடலாமே என்று நினைத்தவர் நியூகாசிலில் இருந்த ஜார்ஜ் மரே. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. உள்ளூர் மருத்துவர் கூட்டத்தில் யோசனையைச் சொன்னபோது மூத்தவர் ஒருவர், அப்படியென்றால் தண்டுவட நோய்க்குத் தண்டுவடத்தைக் கரைத்து ஊசி போடலாமே என்று கிண்டலடித்தார்.

மரே 1891-இல் செய்து காட்டினார். அப்போதுதான் வெட்டிய ஆட்டின் தைராய்டை நறுக்கி, கிளிசரினிலும் கார்பாலிக் அமிலக் கரைசலிலும் ஊறவைத்து, கைக்குட்டையில் பிழிந்து எடுத்த சாறு. முதல் நோயாளி நாற்பத்தாறு வயதுப் பெண். சில மாதங்களில் முக வீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, அவர் எழுந்து நடமாடினார். அடுத்த வருஷமே ஹெக்டர் மெக்கன்ஸி, ஈ. எல். ஃபாக்ஸ் என்ற இருவர் ஊசி வேண்டாம், வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்று தனித்தனியே கண்டார்கள். லேசாக வறுத்தோ அரைத்தோ சாப்பிடலாம். மரேயின் நோயாளி அதற்குப்பின் 28 வருஷம் வாழ்ந்து 1919-இல் எழுபத்துநாலு வயதில் இறந்தார். மரே கணக்கு வைத்திருந்தார்: அவர் உட்கொண்ட சாறு ஒன்பது பைன்ட்டுக்கு மேல், சுமார் ஐந்து லிட்டர். அதற்காக வெட்டப்பட்டவை 870-க்கும் அதிகமான ஆடுகள்.

ஆட்டுச் சாற்றில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு ஆட்டின் சுரப்பி போல இன்னொன்று இருக்காது. கொஞ்சம் குறைந்தால் மந்தம், கூடினால் படபடப்பு, கைநடுக்கம். இதய நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. மருந்து தெரிந்துவிட்டது, அளவு தெரியவில்லை. அடுத்த நூறு வருஷக் கதை முழுக்க இந்த அளவைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு பன்றிகள் வந்தன. இறைச்சித் தொழிற்சாலைகளில் வீணாகும் சுரப்பிகளைக் காயவைத்துப் பொடித்து, பொடியில் இருக்கும் அயோடினை அளந்து மாத்திரையாக்கினார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல், டன் கணக்கில் பன்றித் தைராய்டை வாங்கி அதன் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஆல்கஹாலைச் சுண்டவைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார், விழித்துப் பார்த்தால் பாத்திரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது என்பது அவரே சொன்ன கதை. 1914 கிறிஸ்துமஸ் நாளன்று தூய படிகம் கைக்கு வந்தது. தைராக்ஸின் என்று பேர் வைத்தார். அதன் கட்டமைப்பைத் தப்பாக ஊகித்தார். லண்டனில் சார்ல்ஸ் ஹாரிங்டன் 1926-இல் அதைத் திருத்தி, 1927-இல் ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து ஆய்வகத்திலேயே தயாரித்தும் விட்டார். இனி ஆடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம்.

ஆனால் அப்படி நடக்கவில்லை. செயற்கைத் தைராக்ஸின் விலை அதிகம், குடலில் சரியாக ஏறவும் இல்லை. 1949 வாக்கில் அதன் சோடியம் உப்பு வந்த பிறகுதான் ஒழுங்கான மாத்திரை சாத்தியமாயிற்று. அதற்குப் பிறகும் இருபது வருஷம் பல மருத்துவர்கள் பன்றிப் பொடியை விடவில்லை. காரணம் வெறும் பழக்கம் மட்டுமில்லை. 1952-இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் தைராய்டின் இன்னொரு ஹார்மோனைக் கண்டுபிடித்திருந்தார்கள். தைராக்ஸினில் நாலு அயோடின் அணுக்கள், அதனால் டி4. இதில் மூன்று, டி3. செல்களுக்குள் உண்மையில் வேலை செய்வது டி3. பன்றிப் பொடியில் இரண்டும் உண்டு. செயற்கை மாத்திரையில் டி4 மட்டும். அப்படியானால் அது அரை மருந்துதானே?

1970-இல் பதில் வந்தது. லூயிஸ் பிரேவர்மன், சிட்னி இங்பர், கென்னத் ஸ்டெர்லிங் மூவரும், தைராய்டே இல்லாத மனிதர்களுக்கு டி4 மட்டும் கொடுத்து, அவர்கள் ரத்தத்தில் டி3 இருப்பதைக் காட்டினார்கள். டி4-இலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி உடம்பே தனக்கு வேண்டிய டி3-ஐச் செய்துகொள்கிறது. டி4 வங்கியில் போட்ட பணம், டி3 கையில் புழங்கும் சில்லறை. டி4-இல் பாதி கரைய ஒரு வாரம் ஆகும், டி3-இல் ஒரு நாள் போதும். ஒருநாள் மாத்திரை மறந்தால் குடி முழுகாது என்பது இதனால்தான். அம்மா மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் யாருக்கும் தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம். சட்டென்று எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் இருப்பில் பாதி குறைந்து, அடுத்த வாரம் அதில் பாதி. அதற்குப் பிறகு உடம்பு ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது முதுமை மாதிரியே தெரியும்.

அளவைக் கண்டுபிடிக்கும் வழியும் அதே காலத்தில்தான் மாறியது. அதற்கு முன் வெறும் வயிற்றில் படுக்கவைத்து, எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று மூச்சை அளப்பார்கள், கொலஸ்ட்ரால் பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள், 'எப்படி இருக்கு?' என்று கேட்பார்கள். நோயாளி 'இப்ப தேவலை' என்று சொல்லும்வரை ஏற்றுவார்கள். தினம் 200, 300 மைக்ரோகிராம் சர்வசாதாரணம். 1965-இல் ராபர்ட் உடைகர், டி.எஸ்.எச்.-ஐ ரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டார். டி.எஸ்.எச். என்பது மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. டி4 குறைந்தால் கட்டளை உரக்கிறது, கூடினால் அடங்குகிறது. எங்கள் தொழிலில் தினமும் பார்க்கும் பின்னூட்டச் சுற்றுதான். இதில் ஒரு நுணுக்கம்: டி4 பாதியானால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கு ஆவதில்லை, நூறு மடங்கு வரை எகிறும். மெல்லிய குறையைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. அந்தக் கருவி நுட்பமாக ஆக ஆக, உலகம் முழுக்க மாத்திரை அளவு 100, 125 என்று இறங்கிவந்தது. தேவைக்கு அதிகமாகச் சாப்பிட்டு எலும்பு தேய்ந்தவர்களும் இதயம் தாளம் தப்பியவர்களும் அதன்பின் குறைந்தார்கள். கூடவே 'எப்படி இருக்கு?' என்ற கேள்வியும் குறைந்தது.

அடையாற்றில் நாங்கள் போன டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்மாவின் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், முழங்கால் தசைநாரைச் சுத்தியால் தட்டிக் கால் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று எனக்கும் காட்டினார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அறுபத்தொரு வயதில், ஐந்து மாதம் வறண்டு கிடந்த உடம்பில் ஒரேயடியாக நூறைக் கொட்டினால் இதயம் தாங்காமல் போகலாம் என்று 25-இல் ஆரம்பித்தார். ஏற்றிக்கொண்டே போகலாம், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கலாம், அதற்குமுன் பார்த்தால் எண் இன்னும் நிலைகொண்டிருக்காது.

அம்மா அவரிடம் உப்பைப் பற்றிக் கேட்டாள். "அயோடின் உப்பாலதான் வருதுங்கறாங்களே டாக்டர், கல் உப்புக்கு மாறிடட்டுமா?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1900-களில் இமயத்தின் கில்கித்தில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தார். ஒரே ஓடை வரிசையாகப் பல கிராமங்கள் வழியே இறங்கியது. கீழே போகப்போகக் கழலை அதிகம். தண்ணீரில் அசுத்தம் என்று முடிவுகட்டி, அந்த நீரின் வண்டலைத் தானே குடித்து, தன் கழுத்திலேயே கழலையை வரவழைத்துக் காட்டினார். பிறகு குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அங்கே அவர் தொடங்கியதுதான் இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மூலம். (எலிகளுக்கு மதராஸ் சாப்பாடும் பஞ்சாப் சாப்பாடும் கொடுத்து, நம் சாப்பாட்டைக் கடைசி வரிசையில் தள்ளியவரும் இவரே.) கழலைக்குக் கிருமிதான் காரணம் என்பது முழுச் சரியில்லை என்று ஆனது. முக்கியக் காரணம் மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாதது. அதை இந்தியாவில் நிறுவியவர் வி. ராமலிங்கசுவாமி. அன்றைய சென்னை மாகாணத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்து, 1947-இல் அதே குன்னூர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில் அயோடின் கலந்த உப்பைச் சில பகுதிகளுக்கும், சாதா உப்பை ஒரு பகுதிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் போன இடத்தில் கழலை குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டமே வந்தது. பிறவியிலேயே காது கேளாமலும் மூளை வளராமலும் பிறந்திருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகள் அப்படிப் பிறக்கவில்லை.

ஆக, உப்பு எதிரி இல்லை. அதேசமயம் சென்னையில் அம்மாவுக்கு வந்தது அந்த நோயும் இல்லை. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நாலு பெண்களின் சுரப்பியில் பார்த்து எழுதியது: உடம்பின் காவல்படையே தைராய்டைத் தாக்கும் நோய். இன்று நகரங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். 2013-இல் வெளியான எட்டு நகர ஆய்வில், சென்னையும் அதில் ஒன்று, பரிசோதித்த பெரியவர்களில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டுக் குறைவு இருந்தது. கல் உப்புக்கு மாறினால் அழிந்துபோன சுரப்பி திரும்பாது. டாக்டர் இதை ஒரே வரியில் சொன்னார்: "உப்பை மாத்தாதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க."

நான் கேட்கவேண்டியது இரண்டு இருந்தது. முதலாவது அத்தை பெண்ணின் கேள்வி, டி3.

பன்றிப் பொடியில் நாலு பங்கு டி4-க்கு ஒரு பங்கு டி3. மனிதச் சுரப்பியில் டி3 அதைவிட ரொம்பக் குறைவு. பன்றிக்கு அளவானது நமக்கு அதிகம், சாப்பிட்ட சில மணி நேரத்தில் டி3 ஏறி இறங்கும். டி4-உடன் கொஞ்சம் செயற்கை டி3 சேர்த்தால் மனசு தெளிகிறது என்று 1999-இல் ஒரு ஆய்வு வந்து பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. அதற்குப்பின் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதை உறுதிசெய்யவில்லை. என்றாலும் கேள்வி செத்துவிடவில்லை. எண் சரியாக வந்த பிறகும் நூறில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை 'நான் பழைய ஆளாக இல்லை' என்கிறார்கள். டி4-ஐ டி3-ஆக்கும் நொதியின் மரபணு சிலரிடம் சற்று மாறியிருப்பது காரணமாக இருக்கலாம் என்று ஒரு தரப்பு. அவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறு அளவு டி3 முயன்று பார்க்கலாம் என்பது இன்றைய நிலை. இதிலும் பணம் புகுந்திருக்கிறது. பிரிட்டனில் 2009-இல் 20 பவுண்டாக இருந்த ஒரு பெட்டி டி3 மாத்திரை 2017-இல் 248 பவுண்டாகி, விற்ற நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. "உங்கம்மாவுக்குப் பத்தொன்பது வருஷம் டி4 நல்லா வேலை செஞ்சிருக்கு. மருந்து தோத்துப்போகல, மருந்து உள்ளே போகல" என்றார் டாக்டர். அத்தை பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவள் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வியை அம்மா எதிரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. கம்பெனி மாறினால் முடி கொட்டுமா?

நியூசிலாந்தில் 2007-இல் இதே நடந்தது. எல்ட்ராக்ஸின் மாத்திரையின் தயாரிப்பைக் கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாற்றினார்கள். மருந்து அதே. நிறம் மாறியது, கூடச் சேர்க்கும் மாவுப் பொருள் மாறியது. முந்தைய முப்பது வருஷத்தில் 14 புகார் வந்த மருந்துக்கு ஒன்றரை வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் புகார். செய்தி அதிகம் ஓடிய இடங்களில் புகாரும் அதிகம். மனப்பிரமை என்று முடித்துவிடலாம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த மாத்திரை உண்மையாகவே நுட்பமானது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் முறையான அனுமதியே இல்லாமல் விற்றுவந்தது. வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி, பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது என்று 1997-இல் அரசு எல்லோரையும் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது, முதல் அனுமதி 2000-இல்தான் கிடைத்தது. பிரான்ஸில் 2017-இல் மெர்க் நிறுவனம் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிடாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. வீரியம் நிலையாக இருக்கவேண்டும் என்று அரசே கேட்ட மாற்றம் அது. முப்பது லட்சம் பேர் சாப்பிடும் மருந்து. தலைச்சுற்றல், முடி உதிர்தல், அசதி என்று ஆயிரக்கணக்கில் முறையிட்டார்கள். 2020-இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குத் தொடுத்த மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குத் தலா ஆயிரம் யூரோ கொடுக்கச் சொன்னது. மருந்து கெட்டது என்பதற்காக இல்லை. மாற்றியதைச் சரியாகச் சொல்லவில்லை என்பதற்காக.

இதைப் படித்த அன்று இரவு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன இப்ப, போய்ப் படு" என்றாள்.

டாக்டர் சொன்னது நடைமுறை: முடிந்தவரை ஒரே கம்பெனியில் இருங்கள், மாற்றியே ஆகவேண்டுமென்றால் மாற்றி ஆறு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். இப்போது டப்பா மாறினால் பேரையும் தேதியையும் தினசரி காலண்டரில் எழுதிவைக்கிறோம். ஆடியில் டி.எஸ்.எச். 9, ஐப்பசியில் 3.1. குரல் திரும்ப வந்துவிட்டது. கால்சியம் மாத்திரை ராத்திரிக்குப் போயிற்று, இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது வேண்டும்.

தீராத தகராறு காபிதான். மாத்திரை ஏறவேண்டும் என்றால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, முக்கால் மணியாவது காபி கூடாது. இத்தாலியில் எஸ்பிரஸோவோடு மாத்திரை போட்டவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறியதை 2008-இல் ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். "இத்தாலிக்காரனுக்கு டிகாக்‌ஷன் போடத் தெரியாது" என்பது அம்மாவின் மறுப்பு. ஐந்தரைக்கு மாத்திரை, ஆறேகாலுக்கு என் ஃபோனில் மணி அடிக்கும்.

ஒருநாள் அந்த இடைவெளியில் மரேயின் கதையைச் சொன்னேன். பன்றியைப் பற்றியும் சொன்னேன். தன் மாத்திரை எதிலிருந்து செய்வது என்று கேட்டாள். ஆய்வகத்தில் செய்கிற சேர்மம், ஆடும் இல்லை பன்றியும் இல்லை என்றதும் நிம்மதியானாள். பிறகு, "என் கணக்குக்கு எத்தனை ஆடு வரும்?" என்றாள்.

போட்டுப் பார்த்தேன். 28 வருஷத்துக்கு 870 என்றால் வருஷத்துக்கு 31. பத்தொன்பது வருஷத்துக்கு ஏறக்குறைய 590. இன்னொரு கணக்கும் போட்டேன். தினம் 100 மைக்ரோகிராம், பத்தொன்பது வருஷம்: எல்லாம் சேர்த்து முக்கால் கிராம்கூட இல்லை.

"முக்கால் கிராமா? மூக்குத்திக்குக்கூடக் காணாதே" என்றாள். மணி அடித்தது. எழுந்து பாலை அடுப்பில் வைத்தாள்.